ஓடித் தேய்ந்த கார்டு

விஜிலாவின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது ஈஸ்டர் முடிந்து கல்யாண வேலைகள் வந்து குவிந்த வாரத்தில்.

தருவைகுளத்தில் அவள் வீட்டு மாடியில் இருக்கும் ஒரே அறைதான் அவளுடைய எடிட்டிங் ரூம். கணவன் மரியானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பான். அவன் ஊரில் இல்லாத மாதங்களில் அவளுக்குப் பொழுது விடிவதும் அடைவதும் அந்த அறையில்தான். தூத்துக்குடிப் பக்கம் கல்யாணம் எடுக்கிற போட்டோகிராபர்கள் பலரும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். “விஜிலா கைபட்டா மாப்ள வீட்டு ஆளுங்களும் அழுதுருவாங்க” என்று அவர்கள் சங்கத்தின் தலைவர் சிவப்பிரகாஷ் மேடையிலேயே சொன்னதுண்டு. அந்தப் பேரை அவள் கஷ்டப்பட்டுத்தான் சம்பாதித்திருந்தாள். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று கையில் இருந்தது, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை நரேன் எடுத்த கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் பெரிய திரையில் போடுவதற்கு ஒரு சின்னப் படம் கேட்டிருந்தான். தாலி கட்டும் இடத்தை ஓடவிட்டாள். மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றது. மேளம் மட்டும் தன்பாட்டுக்கு முழங்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துப் படம் ஒரு துள்ளு துள்ளியது. அதற்குள் தாலி கட்டி முடிந்து, பெண் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நமக்குத் தெரியாத நோயா என்றுதான் முதலில் நினைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். சாஃப்ட்வேர் சேர்த்து வைத்திருந்த தற்காலிக ஃபைல்களை எல்லாம் வழித்துத் துடைத்தாள். பிளேபேக் தரத்தைப் பாதியாக்கினாள், அப்புறம் கால்வாசியாக்கினாள். படம் மங்கியதே தவிர ஓடவில்லை. படத்தை ஓட்டிக் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் சாஃப்ட்வேர் போட்டாள். ஃபுட்டேஜை வேகமான டிஸ்க்குக்கு மாற்றினாள். பின்னால் திறந்து கிடந்த புரோகிராம்களையெல்லாம் மூடினாள். மாப்பிள்ளையின் கை மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றது.

போன மாசம்வரை நன்றாக ஓடியதுதானே, நடுவில் என்ன மாறியது என்று யோசித்தபோதுதான் அவளுக்கு ஜீவமணி ஞாபகம் வந்தது.

ஜீவமணி மில்லர்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். இரண்டு பேரும் முன்பு டவுனில் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தார்கள். விஜிலாவைவிட நாலைந்து வயசு இளையவள். “அக்கா, அக்கா” என்று சுற்றி வருவாள். விஜிலா தனியாகத் தொழில் தொடங்கியபோது இந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கி அடுக்கிக் கொடுத்ததே அவள்தான். கடற்கரை வீடு, உப்புக் காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் அரித்துவிடும் என்பதால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அதை ஜீவமணியிடம் சுத்தம் பண்ணக் கொடுப்பது விஜிலாவின் வழக்கம். தவக்காலத்தில் மாதா கோயில் கல்யாணங்கள் கிடையாது. சங்கத்தில் இருக்கிற மற்றவர்களும் அந்தச் சமயத்தில்தான் சர்வீஸுக்குக் கொடுப்பார்கள்.

இந்தத் தடவை திரும்ப வாங்கப் போனபோது ஜீவமணியின் மேசையில் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் சில கிடந்தன. “இதெல்லாம் என்னளா?” என்று விஜிலா கேட்டாள். “கிரிப்டோ காயின் மைனிங் பண்ணுனவங்க வித்ததுக்கா. ராப்பகலா ஓடித் தேஞ்சது. ஸ்பேருக்காகும்னு போட்டு வச்சிருக்கேன்” என்று ஜீவமணி சொல்லியிருந்தாள். அதில் ஒன்று விஜிலாவின் கார்டு மாதிரியே இருந்தது.

இப்போது அதை நினைத்துப் பார்த்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து பொருந்திக்கொண்டது. அன்று ஜீவமணி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவசரப்பட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஒரே பேர், ஒரே மாடல். மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் மரியான் போன் பண்ணினான். கப்பல் ஏதோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் நின்றதால் லைன் கிடைத்திருந்தது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “அவ அப்படிப்பட்ட பிள்ள இல்லியேளா” என்றான்.

“ஒங்களுக்கு என்ன தெரியும்? கப்பல்ல இருந்துக்கிட்டு நல்லவ கெட்டவ பாக்கீங்களோ?” என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் கேபினெட்டை ஆட்டோவில் வைத்துக்கொண்டு மில்லர்புரம் போனாள். கடையில் ஒரு தம்பதி லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். விஜிலா அவர்களைப் பார்த்தாள். பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஏளா ஜீவமணி, எங்க என் கார்டு?”

“எந்தக் கார்டுக்கா?” ஜீவமணி சிரித்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“எந்தக் கார்டா? நான் குடுத்தது நல்லா ஓடுன கார்டு. நீ மாட்டி அனுப்புனது அன்னைக்கு ஒன் மேசையில கெடந்தது. பேரு ஒண்ணா இருந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டியோ?”

ஜீவமணியின் சிரிப்பு நின்றது. கேபினெட்டை வாங்கி, வயர்களை மாட்டி, கார்டுக்கு ஒரு டெஸ்ட் ஓடவிட்டாள். “பாருங்கக்கா. சூடு ஏறல. புதுசுல எப்படி ஓடுச்சோ அப்படித்தான் ஓடுது. இது ஒங்க கார்டுதான். வேற எங்கயோதான் சிக்கல். நீங்க இப்போ என்ன ஃபுட்டேஜ்…”

“டெஸ்ட் ஒன் கையில இருக்கு. நீ என்ன வேணும்னாலும் காட்டுவே. கூட வேல பாத்தவகிட்டயே திருடணுமாளா?”

“அக்கா, ஆளு நிக்காங்க. மெதுவா பேசுங்க.”

“மெதுவா பேசுறதுக்கு நானா திருடுனேன்?”

லேப்டாப் கொண்டுவந்திருந்த பெண் அதை மறுபடியும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “நாங்க அப்புறமா வாரோம்” என்று புருஷனோடு படியிறங்கினாள். அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே ஜீவமணி கேபினெட்டின் மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூக்களை நிதானமாக முடுக்கினாள். “கொண்டு போங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே விஜிலா சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புக்குக் குரல் பதிவு போட்டாள். “எல்லாருக்கும் வணக்கம். விஜிலா பேசுதேன். மில்லர்புரத்துல ஜீவமணி கடையில யாரும் சிஸ்டம் குடுக்காதீங்க. நல்ல கார்டக் கழத்திட்டு, ஓடித் தேஞ்ச கார்ட மாட்டி விடுதா. நானே ஏமாந்துட்டேன். நீங்களாவது சூதானமா இருங்க.”

வீடு வந்து சேர்வதற்குள் பதில்கள் வந்துவிட்டன. “அட ஆமாக்கா, நானும் அங்கதான் குடுத்தேன். வந்ததுல இருந்து சிஸ்டம் இழுக்கு” என்று ஒருவர். “என்னோடதும் அப்படித்தான். சாஃப்ட்வேர்தான் சரியில்லன்னு நெனச்சேன்” என்று இன்னொருவர். நரேன்கூட, “என் படம் ஏன் லேட்டாகுதுன்னு இப்பத்தான் புரியுது” என்று எழுதியிருந்தான். விஜிலாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் ஒருத்தி மட்டும் சொல்லவில்லை, பாதிக்கப்பட்டவர்களே வந்து சாட்சி சொல்கிறார்கள். சர்வீஸ் பண்ணுகிறவள் என்று குரூப்பில் சேர்த்திருந்த ஜீவமணி கொஞ்ச நேரத்தில் வெளியேறியதாகத் திரையில் காட்டியது. குற்றமில்லாதவள் எதுக்கு ஓடணும் என்று நினைத்துக்கொண்டாள்.

நரேனின் படத்தைப் பாதி குருடாக, நின்று நின்று ஓடிய காட்சிகளை ஊகித்து வெட்டி, எப்படியோ முடித்துக் கொடுத்தாள். அதற்கடுத்த கல்யாணங்களும் அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தன. புதுக் கார்டு வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் பக்கத்துத் தெரு பிளாரன்ஸ் மாடிக்கு வந்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுடைய கல்யாணத்தை எடிட் பண்ணிக் கொடுத்தவள் விஜிலாதான்.

“மக மருமவன்கிட்ட போவணும்லா. விசாவுக்குக் கல்யாண வீடியோவும் கேக்காவளாம். கோயில்ல மோதிரம் போட்ட எடம் மட்டும் வெட்டிக் குடுளா.”

“இப்ப என் சிஸ்டம் இருக்க இருப்புக்கு அது ஆமையாட்டம் நவுரும் மைனி. நாளைக்கு வாங்க” என்று சொன்னாள். பிளாரன்ஸ் நகரவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் விஜிலா அலமாரியிலிருந்து பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டி அந்த புராஜெக்டைத் திறந்தாள். கோயில் இடத்துக்குப் போய், அது நிற்கப் போகிறது என்று எதிர்பார்த்தே ஸ்பேஸ் பட்டனைத் தட்டினாள்.

ஓடியது. பங்குச் சாமியார் மோதிரத்தை மந்திரித்தார். மாப்பிள்ளை அதை எடுத்தான். பெண்ணின் விரலில் அது முட்டியில் கொஞ்சம் தடுக்கி, பிறகு இறங்கியது. பின்னால் யாரோ செருமியதுகூட உதட்டசைவோடு சேர்ந்து கேட்டது. கலர், டைட்டில், ரெண்டு கேமரா எல்லாம் அடுக்கின பழைய டைம்லைன், முழுத் தரத்தில், எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிளாரன்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லாத்தான ஓடுது? ஆமைன்னு சொன்னியே… என்னளா, மொகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு?”

“ஒண்ணுமில்ல மைனி.”

துண்டை வெட்டிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதே கம்ப்யூட்டர். அதே கார்டு. தேய்ந்த கார்டாக இருந்தால் பழைய கல்யாணத்துக்கும் புதுக் கல்யாணத்துக்கும் வித்தியாசமா பார்க்கும்? பழைய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து பார்ப்பது எடிட்டிங் படிக்க வருகிற யாருக்கும் அவளே முதலில் சொல்லிக் கொடுக்கிற பரிசோதனை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தாள்.

இரண்டு ஃபுட்டேஜ்களின் விவரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழையது சாதாரண எட்டு பிட். நரேனுடையதும், அவனுக்குப் பின் வந்த அத்தனை பேருடையதும் பத்து பிட், ஃபோர் டூ டூ. கேமராவில் ஒரு செட்டிங்கை மாற்றினால் ஃபைலில் நிற விவரம் இப்படிக் கூடுதலாகப் பதியும். கலர் நன்றாக வரும். ஆனால் அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டுவதற்கு அவளுடைய கிராபிக்ஸ் கார்டுக்கு வழி கிடையாது. பாரம் முழுக்க பிராசசர் தலையில் இறங்கும். அது மூச்சு முட்டி நிற்கும். கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதன் முதுகில் ஏற்றின சுமைதான் கூடிப்போயிருந்தது.

இந்த செட்டிங்கை இவர்கள் எல்லோருக்கும் யார் சொன்னது?

அந்தக் கேள்வி வந்தபோதே விடையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். தவக்காலத்து ஆரம்பத்தில் அவள் போட்ட குரல் பதிவு அங்கே இருந்தது. யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்ட உற்சாகத்தில் பேசியிருந்தாள். “இனிமே எல்லாரும் பத்து பிட், ஃபோர் டூ டூல எடுங்க. கலர் அள்ளும். எனக்கு எட்டு பிட்டு கொண்டு வந்தா வாங்க மாட்டேன்.” கடைசியில் சிரித்தும் இருந்தாள். அதற்குக் கீழே கட்டைவிரல் தூக்கினவர்களின் பேர்கள். ‘என்னோடதும் இழுக்கு’ என்று சாட்சி சொன்ன ரெண்டு பேரும் அதில் இருந்தார்கள். தங்கள் கல்யாணங்களைத் தாங்களே எடிட் பண்ணிக்கொள்கிறவர்கள். அவள் பேச்சைக் கேட்டு செட்டிங்கை மாற்றினார்கள். அவர்கள் சிஸ்டமும் இழுத்தது. அது ஜீவமணியின் திருட்டுக்குச் சாட்சி ஆயிற்று.

கீழே போய் உலை வைத்தாள். தண்ணீர் ஊற்றாமல் குக்கரை மூடி அடுப்பில் ஏற்றியிருப்பது தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே ஜீவமணியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். பாரமான ஃபுட்டேஜை எடிட் பண்ணுவதற்கு முன் அதற்கு லேசான நகல் போட்டுக்கொண்டு அதில் வெட்டி, கடைசியில் மட்டும் அசலிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு, ப்ராக்ஸி என்பார்கள். அதை எப்படிச் செய்வது என்று திரையைப் படம் பிடித்து, அழகாக விளக்கி, குரூப்பில் போட்டாள். சிஸ்டம் இழுக்கிறவர்கள் முயற்சி பண்ணிப் பாருங்கள் என்று மட்டும் எழுதினாள். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நன்றிகள் குவிந்தன. கை கூப்பின படங்கள், பூங்கொத்துகள். “சங்கத்துக்கே டீச்சர் நம்ம விஜிலாதான்” என்று சிவப்பிரகாஷ் எழுதினார். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அவளுக்குக் காது மடல் சுட்டது. போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

நரேன் போன் பண்ணினான். “அக்கா, பறக்குதுக்கா! நானே வெட்டுற சின்ன வேலையெல்லாம் எவ்வளவு நாளா முட்டிக்கிட்டு நின்னுச்சு.” பிறகு, “அப்போ… அந்தக் கார்டு விஷயம்? ஜீவமணி ஒண்ணும் பண்ணலியோ?” என்றான்.

“அதுவும் இருக்கலாம்லா” என்று அவள் வாய் சொல்லிற்று.

“ம். இல்ல, அவங்க பாத்துக்கிட்டிருந்த ஸ்கூல் லேப் வேலை போயிட்டுதாம். நம்ம தலைவரோட வீட்டம்மா அங்கதானே டீச்சர்? வாய்ஸைக் கேட்டுட்டு ஹெச்செம்கிட்ட சொல்லியிருக்காங்க. அதான் கேட்டேன்.”

போனை வைத்தபிறகு, தான் சொன்ன அந்த ஒரு வரி அவளை விடவில்லை. கடையில் கத்தினது கோபம், ஆட்டோவில் பேசினது அறியாமை என்று எதையாவது சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. தெரிந்தே சொன்னது. அன்று மரியான் வீடியோவில் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னத்தைப் பேச?

அடுத்த நாள் பஸ் ஏறினாள். மில்லர்புரத்தில் இறங்கிக் கடைக்குப் போகிற தெருமுனை வரை வந்துவிட்டு, அங்கிருந்த பெட்டிக்கடையில் தேவையில்லாமல் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி நின்று குடித்தாள். பிறகு போனாள்.

கடை பாதி ஷட்டரோடு இருந்தது. உள்ளே ஜீவமணி மட்டும். விஜிலாவைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

“ஜீவமணி… அது கார்டு இல்ல. ஃபுட்டேஜுதான். பத்து பிட்டு. நாந்தான் எல்லாரையும்…” விஜிலா குரலை இன்னும் தாழ்த்தினாள். “தப்பு எம்மேலதான். மன்னிச்சிரு.”

“தெரியும். ப்ராக்ஸி பாடம் போட்டீங்கள்ளா, அத எனக்கும் ஒரு ஆளு அனுப்பிச்சாரு. பாத்ததும் புரிஞ்சுது” என்றாள் ஜீவமணி. “அதுல எம்பேரு வரும்னு கடைசி வரைக்கும் பாத்தேன்.”

விஜிலாவை அவள் உட்காரச் சொல்லவில்லை.

“ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. அன்னைக்கு ஆளு நிக்கும்போது அந்தக் கத்து கத்துனீங்க. ஊருக்கே அனுப்புனீங்க. இன்னைக்கு ஒருத்தரும் இல்லாத நேரமாப் பாத்து வந்து, எனக்கே கேக்காத மாதிரி மெதுவாச் சொல்லுதீங்க. இது யாருக்காக?”

“என்ன செய்யணும்னு சொல்லுளா, செய்யுதேன்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? அந்த வாய்ஸ எங்கம்மா கேட்டாங்க. யாரோ யாருக்கோ அனுப்பி, சித்தி வழியா அவங்களுக்கு வந்துட்டு. நான் வீட்டுக்குப் போறேன், அடுப்படியில போன்ல நீங்க பேசிக்கிட்டிருக்கீங்க, அவங்க கேட்டுக்கிட்டு நிக்காங்க.” ஜீவமணியின் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிப்படுத்திக்கொண்டாள். “எனக்கு வேல கெடக்கு.”

சங்கக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. புதுக் கேமரா ஒன்றைக் காட்ட ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார்; அதனால் கூட்டம் அதிகம். விஜிலா பூசை முடித்து நேராகப் போயிருந்தாள். கம்பெனிக்காரர் பேசி முடித்ததும் எழுந்து, மைக்கைக் கேட்டாள். ப்ராக்ஸி பற்றிப் பேசப் போகிறாள் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

“ஜீவமணி என் கார்ட மாத்தல” என்று ஆரம்பித்தாள். “யாரு கார்டையும் மாத்தல. நான் சொன்னது பொய். அன்னைக்கு அது பொய்னு எனக்குத் தெரியாது. ஆனா போன வாரம் தெரிஞ்சுட்டு. தெரிஞ்ச பொறவும் வாயத் தொறக்காம ப்ராக்ஸி பாடம் நடத்துனேன். ஒருத்தரு நேராவே கேட்டப்போ, ‘இருக்கலாம்’னு சொன்னேன்.”

மூன்றாவது வரிசையில் நரேன் தலையைக் குனிந்துகொண்டான்.

சிவப்பிரகாஷ் எழுந்து, “சரிம்மா, சரிம்மா. மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். உக்காருங்க, இத நாம தனியாப் பேசிக்கிடுவோம்” என்றார்.

“தனியாப் பேசுறதுக்கு இது தனியாச் சொன்னது இல்ல அண்ணாச்சி” என்றாள் விஜிலா.

பின்னாலிருந்து ஒருவர், “ஒங்க பேச்ச நம்பி அந்தப் பிள்ளைட்ட நான் சண்ட போட்டு சிஸ்டத்தத் தூக்கிட்டு வந்தேன். பத்து பிட்டும் நீங்கதான சொன்னீங்க?” என்று கேட்டார்.

“ஆமா. அதுவும் நாந்தான்.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போயிற்று. அவள் அது முடியும்வரை நின்றாள். பிறகு, ஜீவமணியைப் பற்றிய அந்தப் பதிவை யார் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே எல்லார் முன்னிலையிலும் போனில் பேசிக் குரூப்பில் போட்டாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனாள். தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். “வேற ஆளுக்கு இந்த வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சும்மா. நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்” என்றார்.

மரியானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. “அந்தப் பிள்ளைட்ட போவும்போது போனவாட்டி நான் கொண்டாந்த சாக்லேட்ட எடுத்துட்டுப் போவாத. அது வேற மாதிரி ஆயிரும்” என்றான். அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு இருந்தது. அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

வெறுங்கையோடு மறுபடியும் கடைக்குப் போனாள். இந்தத் தடவை ரெண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஜீவமணி கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“கூட்டத்துல பேசுனத நரேன் சொன்னாரு.”

“அம்மாவுக்கு வந்து சேந்துச்சா?”

“இல்ல. திருடின்னா எல்லாவனும் அனுப்புவான். திருடி இல்லன்னு எவன் அனுப்புவான்?” என்று சொல்லிவிட்டு ஜீவமணி வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டாள்.

விஜிலா அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். ஜீவமணியின் வீடு அவளுக்குத் தெரியும். ஸ்டுடியோ நாட்களில் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறாள். அம்மா கிருபாபாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கண் பார்வை மட்டு, ஆள் நிற்பது தெரிந்து, “யாரும்மா?” என்றார்.

“நான்… ஜீவமணிகூட ஸ்டுடியோவுல வேல பாத்தேன்.”

கீரை உருவின கை நின்றது. “விஜிலாதான? கொரலு தெரியுது. நெறைய தடவ கேட்டாச்சு.”

விஜிலா சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது வரவில்லை. “நான் சொன்னது பொய் பெரியம்மா. ஒங்க மக ஒண்ணும் செய்யல. தப்பு பூராவும் எம்மேல” என்று மட்டும் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதால் இவர் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

கிருபாபாய் ஆறுதல் சொல்கிறவராக இல்லை. “எம்மக ஒண்ணும் செய்யலன்னு எனக்கு நீ வந்து சொல்லணுமா? வயித்துல சொமந்தவ நான்” என்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நீட்டினார். “எனக்கு இதுல பேர் தேட வராது. என் தங்கச்சி நாசரேத்துல இருக்கா. அவதான் அன்னைக்கு அனுப்புனா. அவளுக்குப் போடு, இப்ப சொன்னத. நல்லா சத்தமா, நானும் கேக்கணும்.”

விஜிலா படியில் உட்கார்ந்து, அவர் போனிலேயே பேசினாள். பேசி முடித்ததும் கிருபாபாய் அதை ஓடவிடச் சொன்னார். தன் குரலே திரும்ப வந்து, தன் பேரைச் சொல்லி, தான் சொன்னது பொய் என்று தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்லியது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் வந்து நின்றாள்.

“ம். இப்ப மதினிக்கு. பாளையங்கோட்டையில. மதினின்னே போட்டிருக்கும்.”

அவருக்கும் போயிற்று. அப்புறம் சபையில் கூடப் பாடுகிற பெண்கள். அப்புறம் மூத்த மகளைக் கட்டிய மருமகன் வீட்டார். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் அடுத்த பேரைச் சொன்னார். நாசரேத்திலிருந்து பதில் வந்தது: “யாருக்கா இது?” கிருபாபாய் போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்து, “அன்னைக்கு பேசுனா பாரு, அதே பிள்ளதான். வீட்டுக்கு வந்திருக்கா. கேட்டுக்கோ” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜீவமணி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, படியில் உட்கார்ந்திருந்த விஜிலாவையும் அவள் கையில் இருந்த அம்மாவின் போனையும் பார்த்தாள். போனில் விஜிலாவின் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை ஜீவமணி நின்றாள். விஜிலா நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை; எழுந்து வழிவிட்டாள். ஜீவமணி உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் திறந்து முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“நான் போயிட்டு வாரேன் பெரியம்மா” என்றாள் விஜிலா.

“இரு. மெட்ராஸ் சொந்தக்காரங்களுக்கு இன்னும் போடலல்லா” என்றார் கிருபாபாய், கீரையைக் கையில் எடுத்துக்கொண்டே.

விஜிலா மறுபடியும் படியில் உட்கார்ந்து அடுத்த பேரைத் தேடினாள்.